வீடில்லாத மாடிவீட்டுக்காரன்

மாடிவீட்டுக்காரனை ஒரேயடியாக முடித்துவிடப் போவதாக லிஃப்ட்காரர் போனில் சொன்னது உண்மை. சொல்லும்போது அவர் கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் இருந்ததும் உண்மை. அவனைச் சாயந்திரம் வரச் சொல்லியிருக்கிறேன், வரட்டும் என்று பல்லைக் கடித்ததும் உண்மை.

ஆனால், அந்த மாடிவீட்டுக்காரனுக்கு வீடு கிடையாது. மாடி கிடையாது. கை, கால், மூக்கு, முகம் எதுவுமே கிடையாது.

இந்தக் கடைசி விவரம் தெரிந்தவர்கள் ஊரிலேயே ஒரு டஜன் பேர்தான் இருப்பார்கள். அந்த டஜனில் ஒருத்தி வக்கீலம்மா. லிஃப்ட்காரர் போனில் பேசியதே அவளிடம்தான்.

வக்கீலம்மா என்றதும் கறுப்புக் கோட்டை எல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சட்டக் கல்லூரியை அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஜவுளிக்கடையில் திரைத்துணிப் பிரிவில் நின்றவள். ஐம்பது துணியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களையும் சிரித்த முகமாக வழியனுப்பிப் பழகியவள். நடுவில் மனசு இரண்டு தடவை உடைந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, எழுந்து வந்தவள். இப்போது அவள் பார்க்கும் வேலைக்குத் துணையாளர் என்று பெயர். மனநோய்க்குள் போய்த் திரும்பி வந்த ஒருவர், இன்னும் உள்ளே இருப்பவர்களுக்குத் துணையாக நிற்கிற வேலை. டாக்டர் முன்னால், ஆபீசர் முன்னால், வீட்டு ஓனர் முன்னால், சில சமயம் சொந்த மாமியார் முன்னால்... எங்கே தனியாகப் போக ஒருவருக்குக் கால் வரவில்லையோ, அங்கே கூடப் போவாள். போனால் சும்மா வரமாட்டாள், வாதாடிவிட்டுத்தான் வருவாள். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் புதன்கிழமை தோறும் அவர்கள் கூட்டம் நடக்கும். எல்லோருமே மாத்திரை விழுங்குகிறவர்கள், அல்லது விழுங்கி முடித்தவர்கள். டாக்டர்களுக்கு அங்கே இடமில்லை. தப்பித் தவறி எட்டிப் பார்த்தால் பிஸ்கட்டைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள்.

மாடிவீட்டுக்காரன் பிறந்தது அந்த அறையில்தான். பெற்றவள் வக்கீலம்மாவேதான்.

கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காதில் குரல் கேட்கும். யாரும் பேசாமலே கேட்கும் குரல். ஒருநாள் லிஃப்ட்காரர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இன்னிக்குக் குரல் ஜாஸ்தியா இருக்கு" என்று போனில் சொல்லப்போக, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாராம். அடுத்த புதன்கிழமையே வக்கீலம்மா புதுப் பெயர் வைத்துவிட்டாள். வாடகை தரமாட்டான், காலியும் பண்ணமாட்டான், கண்ட நேரத்தில் தலைக்கு மேலே நாற்காலியை இழுப்பான். மாடிவீட்டுக்காரன் என்பதைவிடப் பொருத்தமாக வேறென்ன பெயர் வைப்பது? ஊரில் எல்லோரும்தான் மாடிவீட்டுக்காரனைத் திட்டுகிறார்கள். பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே சொன்னாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவனைச் சமாளிக்கவும் கூட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் அவன் கத்தினால் சண்டைக்குப் போகக் கூடாது. 'சாயந்திரம் வா, பேசிக்கலாம்' என்று நேரம் கொடுத்து அனுப்ப வேண்டும். சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டு, 'போதும், கிளம்பு' என்று முடித்துவிட வேண்டும். எல்லா நாளும் போய்விடமாட்டான். ஆனால் பெரும்பாலான நாள் போய்விடுவான்.

ஆக, அன்றைக்கு லிஃப்ட்காரர் தான் லிஃப்ட் பழுது பார்க்கப் போயிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்க்கிங்கில் நின்று சொன்னது இதுதான்: "மாடிவீட்டுக்காரன் காலையில இருந்து ஆட்டம் போடறான்க்கா. சாயந்திரம் வரச் சொல்லியிருக்கேன். வரட்டும், ஒரேயடியா முடிச்சுடறேன்."

அவளும், "முடிச்சுட்டுப் போன் பண்ணுங்க தம்பி" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் மேனேஜர் நின்றுகொண்டிருந்ததுதான் வினை. அந்தக் கட்டடத்தின் உச்சி மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இருந்தார். லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று முந்தின நாள்தான் அவர் லிஃப்ட்காரரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அந்தச் சத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க அன்று சாயந்திரம் அவரைக் கீழே வரும்படி லிஃப்ட்காரர் அழைத்தும் இருந்தார். மேனேஜர் கூட்டிப் பார்த்தார். மாடி, சாயந்திரம், ஸ்பேனர், முடிச்சுடறேன். கணக்கு கச்சிதமாக வந்தது.

மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் செயலாளர் தன் மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பினார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். அன்றைக்கே லிஃப்ட்காரரின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணைக்கு வா, திருப்தியாக இல்லையென்றால் வேலை கிடையாது, போலீசுக்கும் போவோம் என்றார்கள்.

விஷயத்தைப் போனில் சொன்னது லிஃப்ட்காரரின் மனைவி. வக்கீலம்மா கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி அவருடைய கம்பெனிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலையே தொங்கலில் இருக்கும்போது எதற்கு இஸ்திரி என்று கேட்டால் அவளிடம் சரியான பதில் இருந்திருக்காது. கைக்கு ஏதாவது சூடாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரே நிமிஷத்தில் முடிகிற விஷயம் என்றாள். கொலைகாரன் என்று பேர் எடுப்பதைவிடக் காதில் குரல் கேட்கிறது என்று பேர் எடுப்பது எவ்வளவோ மேல் என்றாள். லிஃப்ட்காரர் சுவரிடமே பதில் சொன்னார். கம்பெனிக்கு அவர் வியாதி தெரியாது. வேலை வாங்கிக் கொடுத்த மச்சானுக்கும் தெரியாது. தெரிந்தால் உயரத்தில் நின்று வேலை பார்க்க எவன் விடுவான்? கொலைகாரனுக்காவது ஜாமீன் கிடைக்கும்.

"அதுக்கு எங்க அண்ணனை எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் இழுக்கலை. உங்க அண்ணன் தானா வருவாரு. விஷயம் தெரிஞ்ச மறுநாளே, பழம் வாங்கிட்டு, சோகமா மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவாரு."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அண்ணன் அப்படித்தான் வருவார்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு லிஃப்ட்காரருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டாள்.

"என் வாயை எவ்வளவு தூரத்துக்கு வாடகைக்கு எடுக்கறீங்க தம்பி?"

அதுதான் அவள் வேலை செய்கிற முறை. அவர் எதுவரை பேசச் சொல்கிறாரோ அதுவரைதான் பேசுவாள். அதற்கு மேல் பேசினால் நல்லதே நடக்கும் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் வைத்துக்கொண்டே அவள் அண்ணனும் டாக்டரும், பழைய பீரோவை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது மாதிரி அவளைப் பற்றிப் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். பேசியதெல்லாம் அவள் நல்லதுக்குத்தான். அன்றைக்குப் பிறகு, ஒருவர் நல்லதுக்காக அவர் தலைக்கு மேலே பேசுகிற யாரையும் அவளுக்குப் பிடிக்காமல் போனது.

லிஃப்ட்காரர் யோசித்தார். "நான் ஒழுங்கா வேலை செய்யறவன்னு சொல்லுங்க. யாரையும் மிரட்டலைன்னு சொல்லுங்க. மாடிக்கு மட்டும் ஏறாதீங்க."

"ஏறலை."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும். போன்ல பேசினதே உங்ககிட்டதான். இவரு கிடக்கறாரு, நீங்களே போட்டு உடைங்க."

"அது என் சொத்து இல்ல தங்கச்சி, அவர் சொத்து. நான் எடுத்துக் கொடுத்தா அதுக்குப் பேரு உதவி இல்ல, திருட்டு."

மறுநாள் காலை லிஃப்ட் கம்பெனியின் ஆபீஸ். நாலாவது மாடி. கண்ணாடி மேஜை, எதிரே சுவர் முழுக்க விதவிதமான லிஃப்ட் படங்கள், விறைக்க வைக்கிற ஏ.சி. மேஜையின் தலைமாட்டில் பணியாளர் அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அம்மாள். எல்லோரும் மேடம் என்றார்கள். ஒரு பக்கம் மேனேஜர், இடுப்பில் சாவிக்கொத்தோடு. அவருக்குப் பக்கத்தில் செயலாளர். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் யார் உட்கார்ந்தாலும் கடன் கேட்டு வந்தவர் மாதிரிதான் பார்ப்பார்.

நீங்கள் யார் என்று மேடம் கேட்டார். இவருடைய துணையாளர், கம்பெனி விதிப்படி விசாரணைக்கு ஒருவரைக் கூட அழைத்து வரலாம் என்றாள் வக்கீலம்மா. என்ன மாதிரித் துணையாளர் என்று மேடம் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் லாபம்.

மேனேஜர் எழுந்து நடித்தே காட்டினார். பேனாதான் ஸ்பேனர். "மாடிவீட்டுக்காரன் ஆட்டம் போடறான், வரட்டும், முடிச்சுடறேன்!" முடிச்சுடறேன் என்னும்போது பேனா மூடி கழன்று போய் மேடம் முன்னால் விழுந்தது. மேடம் அதை எடுத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

வக்கீலம்மா ஜவுளிக்கடைச் சிரிப்பைச் சிரித்தாள். "நீங்க கேட்டது எங்க நின்னு சார்?"

"பார்க்கிங்ல."

"பார்க்கிங் தரைக்குக் கீழதானே?"

"ஆமா."

"அங்க இருந்து பார்த்தா உங்க கட்டடத்துல மாடிவீட்டுக்காரர் இல்லாதவர் யாரு சார்?"

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மேனேஜர் சாவிக்கொத்தைத் தடவினார். விட்டாளா? பெயர் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை. செயலாளர் என்று சொன்னாரா? இல்லை. இத்தனை வருஷத்தில் இவர் மேல் ஒரு புகார் உண்டா? மேடமே இல்லை என்றார். ஒரு விபத்து? அதுவும் இல்லை. குரல் உயராமல், துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். லிஃப்ட்காரர் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

செயலாளர் மேஜையைத் தட்டினார். "முந்தின நாள் இவரைச் சத்தம் போட்டது நான். சாயந்திரம் வரச் சொன்னதும் என்னைத்தான். என்னை இல்லைன்னா வேற யாரை? சரி, போன்ல யார்கிட்டப் பேசினாரு? அதைச் சொல்லச் சொல்லுங்க."

"என்கிட்டத்தான் சார்" என்றாள் வக்கீலம்மா.

மேடம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். "அப்போ அந்த மாடிவீட்டுக்காரர் யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"யாரு?"

பதில் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே வாக்கியம். சொன்னால் கொலை மிரட்டல் காற்றில் கரைந்துவிடும். அவள் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் மேஜைக்கடியில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஒரு நூல் அளவு ஆட்டினார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம்."

"பாருங்க, இந்தம்மாவும் கூட்டு!" என்றார் செயலாளர்.

அதுவரை அவள் அடுக்கியதெல்லாம் சரிந்தது. மேடம் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். கெட்ட மனுஷி இல்லை. யோசித்து, எல்லோருக்கும் வலிக்காத மாதிரி ஒரு வழி சொன்னார். வேலையை விட்டு எடுக்க வேண்டாம். போலீசும் வேண்டாம். ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடலாம். சாமான்களை அடுக்கி வைத்து, எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் அதே சம்பளம். வெளி ஆட்கள் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. யார் எந்த மாடியிலிருந்தாலும் கவலையில்லை. சம்மதம் என்றால் விஷயத்தை இங்கேயே மூடிவிடலாம்.

செயலாளர் முனகிக்கொண்டே சரி என்றார். வக்கீலம்மா ஐந்து நிமிஷம் வெளியே பேசிவிட்டு வரலாமா என்று கேட்டாள்.

வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றார்கள். லிஃப்ட்காரர் ஒரு டம்ளர் குடித்தார், இன்னொரு டம்ளர் குடித்தார்.

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"யாருக்கும் ஒண்ணும் தெரியாது. மச்சானுக்குக்கூட. சம்பளமும் குறையாது." காகித டம்ளரை நசுக்கினார். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது அவள் வழக்கமில்லை. தான் என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்வாள். சொன்னாள். முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஜவுளிக்கடை முதலாளி அவளைக் குடோனுக்கு அனுப்பினார். வாடிக்கையாளர் யாரும் வராத இடம். துணி மூட்டைகளும் அவளும்.

"பொய் சொல்லமாட்டேன் தம்பி. நிம்மதியாத்தான் இருந்துச்சு. சம்பளம் வந்துச்சு, தூக்கம் வந்துச்சு. கொஞ்ச நாள் அது எனக்குத் தேவையா இருந்துச்சு. அப்புறம் தேவைப்படலை, ஆனா கதவு திறக்கலை. என்னை ஒளிச்சு வெச்சவங்க எங்க வெச்சோம்னு மறந்துட்டாங்க. அவ்வளவுதான். என் கதை என்னோட கதை. உங்களுக்கு அது சரியா வரலாம்."

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். காதைத் தேய்த்தார். அந்த ஜாடை அவளுக்குத் தெரியும்.

"பேசறானா?"

"நேத்துல இருந்து விடாம பேசறான்."

"என்ன சொல்றான்?"

"ஸ்டோர் ரூமுக்குப் போடா, மூலையில உக்காரு, உன் தகுதிக்கு அதான் இடம்கறான்."

"அப்போ அவனும் மேடமும் ஒரே கட்சி."

லிஃப்ட்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் ஒரு செருமல் வந்தது, அப்புறம் சிரிப்பு. வராந்தாக் கடைசியில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அது வேறு முகமாக இருந்தது.

"இத்தனை நாளா அவன் சொல்றதுக்கு நேர்மாறா செஞ்சுதானேக்கா பிழைச்சேன்? லிஃப்ட் மேல ஏறாதே, விழுந்துடுவேன்னான். ஏறினேன். கல்யாண நாளைக்கு அவளை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகாதே, எல்லாரும் உன்னையே பார்ப்பாங்கன்னான். போனேன். இன்னிக்கு மட்டும் எதுக்கு அவன் பேச்சைக் கேக்கணும்?"

"நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன். கூட நில்லுங்க."

உள்ளே போய் அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தனக்கு மனநோய் உண்டு, பல வருஷமாக. மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டரைப் பார்க்கிறார். அதையும் மீறி யாரும் பேசாத குரல் காதில் கேட்கும், சில நாள் அதிகமாக. அந்தக் குரலுக்குத்தான் அவர்கள் கூட்டத்தில் மாடிவீட்டுக்காரன் என்று பெயர். வேலை நேரத்தில் தொந்தரவு செய்தால் சாயந்திரம் வரச் சொல்லி அனுப்புவது அவர்கள் பழக்கம்.

"நான் முடிக்கிறேன்னு சொன்னது அவனை. சார் பாவம், நடுவுல மாட்டிக்கிட்டாரு."

மேனேஜரின் நாற்காலி தானாகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார்.

செயலாளர்தான் முதலில் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "இப்பவும் கேக்குதா?"

"கேக்குது சார்."

"என்ன சொல்லுது?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் இல்ல சார். என்னைத்தான் திட்டுறான். அவனுக்கு என்னை விட்டா வேற ஆள் கிடையாது." லிஃப்ட்காரர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க பயந்து போய் வீட்டம்மாவை அனுப்பி வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுடுங்க சார். காதுல கேக்கறதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்."

மேடத்துக்கு இப்போது வேறு கவலை. உயரத்தில் நிற்கிற வேலையாச்சே, ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பதில் சொல்ல வேண்டுமே என்றார். எதற்கும் ஸ்டோர் ரூமே பாதுகாப்பு என்று மெல்ல ஆரம்பித்தார்.

லிஃப்ட்காரர் வக்கீலம்மாவைப் பார்த்து, "அக்கா, இனிமே உங்க வாயை முழுசா வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

அவள் காத்திருந்தது அதற்குத்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். வியாதியின் பெயரைக் கேட்டதும் ஒருவரை வேலையிலிருந்து இறக்கினால் அது பாதுகாப்பு இல்லை, தண்டனை, அதைச் சட்டம் அனுமதிக்காது என்றாள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதையும் மளமளவென்று சொன்னாள். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் தகுதிச் சான்று கேளுங்கள், தருவார், ஆனால் சர்க்கரைக்காரரிடமும் ரத்தக் கொதிப்புக்காரரிடமும் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள் என்றாள். நேற்று வரைக்கும் இந்தக் காதோடுதான் இவர் உங்கள் லிஃப்ட் மேல் நின்றார், ஒரு குறையும் இல்லை என்று அரை மணி முன்னால் நீங்களே சொன்னீர்கள் என்றாள்.

"நேத்து இருந்த ஆள்தான் மேடம் இன்னிக்கும் இருக்காரு. மாறினது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் மட்டும்தான்."

மேடம் பேனாவை எடுத்தார். குறித்துக்கொண்டார். பிறகு, லிஃப்ட்காரரிடமே நேராகக் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "உங்களுக்கு வேலையில என்ன வசதி வேணும்?"

லிஃப்ட்காரர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ராத்திரி டியூட்டி அடுத்தடுத்து வேண்டாம், தூக்கம் கெட்டால்தான் குரல் ஏறும். வேலை நடுவில் தேவைப்பட்டால் கீழே இறங்கிப் பத்து நிமிஷம் போன் பேச அனுமதி வேண்டும். வேறொன்றும் வேண்டாம். மேடம் எழுதிக்கொண்டார். டாக்டர் சான்று வந்ததும் திங்கட்கிழமை முதல் பழைய வேலை, பழைய கட்டடங்கள், அடையாள அட்டை திரும்பக் கொடுக்கப்படும் என்றார். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்று மேனேஜரைப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்து, சொன்னார்.

செயலாளர் கடைசியாக ஒரு தடவை எழுந்து பார்த்தார். தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இவர் வேலை பார்க்கிற நாளில் தான் படியில்தான் போவேன் என்றார்.

"அது உங்க உரிமை சார்" என்றார் மேடம்.

கீழே போக லிஃப்ட் வாசலுக்கு நாலு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கதவு திறந்தது. லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். செயலாளர் படிக்கட்டைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். உள்ளே வந்து மூலையில் ஒட்டிக்கொண்டார்.

மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கியது. தகரத்தில் யாரோ சுரண்டுகிற மாதிரி கர்ரென்று ஒரு சத்தம். செயலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன்னை அறியாமல் லிஃப்ட்காரரைத்தான் பார்த்தார்.

"இப்ப ஒரு சத்தம்... உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர், எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"கேட்டுச்சு சார். இது எல்லாருக்கும் கேட்ட சத்தம்தான்." லிஃப்ட்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "தண்டவாளத்தைப் பிடிச்சுட்டு ஓடற கட்டை தேஞ்சிருக்கு. பயப்படாதீங்க, பத்திரமா இறங்கிடும்."

இறங்கியது. மேனேஜர் முதல் ஆளாக வெளியே பாய்ந்தார். செயலாளர் இரண்டடி போய், திரும்பி வந்தார். கடன் கேட்டவரைப் பார்க்கிற பார்வை இன்னும் முழுசாகப் போகவில்லை.

"எங்க லிஃப்ட்டும் இதே மாதிரிதான்யா கத்துது. அதைத்தான் அன்னிக்குச் சொன்னேன். திங்கக்கிழமை சீக்கிரம் வந்து பாருங்க" என்றார். பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

வக்கீலம்மா வெளியே காலெடுத்து வைத்தாள். லிஃப்ட்காரர் வரவில்லை. உள்ளேயே நின்று நாலாவது மாடிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எங்க தம்பி?"

"மேடம்கிட்ட. இதை இன்னிக்கே மாத்தணும்னு சொல்லிட்டு வந்துடறேன். லிஃப்ட் கம்பெனியில லிஃப்ட் இப்படிக் கத்தினா மானம் போகும்."

"நான் கூட வரணுமா?"

"வேணாம்க்கா. நீங்க கிளம்புங்க. சாயந்திரம் மச்சான் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லணும், அவர் பழம் வாங்கறதுக்குள்ள."

கதவு மூடியது. மேலே எண் ஒவ்வொன்றாக மாறுவதை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அதே கர்ர் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.